ஜெனரல் கணக்கும் எருவுக் கணக்கும்

எனக்கு இங்கிலீசுல மொத்தம் பதினோரு வார்த்த தெரியும். ஷிப்ட், ஓவர்டைம், காயில், கேட்டு, டோக்கன், லீவு, மிஷினு, லேட்டு, சூப்பர்வைசரு, ரிஜெக்ட், ஜெனரல். அல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டுல காயில் சுத்துற கம்பெனில வேல செஞ்சிகினே கத்துகினது. (லீவுன்ற வார்த்த தெரியும், லீவு எப்பிடி இருக்கும்னு தெரியாது.) இதுல பத்து வார்த்தயால ஆருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்ல. கடைசியா ஒண்ணு சொன்னேன் பாருங்க, அத வச்சிகினு என் தங்கச்சி படிப்ப நான் பாழாக்கப் பாத்தேன். அது பத்தாதுன்னு, முன்ன பின்ன தெரியாத ஆறு ஊட்டுப் பொண்ணுங்க படிப்பையும் சேத்துப் பாழாக்கப் பாத்தேன்.

நைனா போயி நாலு மாசம் ஆவுது. துக்கம் கேக்க வர்றவங்க மொதல்ல அழுவுறாங்க. அப்பால தண்ணி குடிக்கிறாங்க. அப்பால, "அந்த ஸ்கூலு கதய சொல்லு அஞ்சல"ன்றாங்க. நானும் சொல்றேன். சொல்லிச் சொல்லி ஆளுக்கு ஒரு மாதிரி மாத்திச் சொல்றேனோன்னு பயம் வந்துடுச்சி. அதான், ஒரு வாட்டியாவது நடந்தது நடந்தபடி எழுதிடலாம்னு குந்திகினேன்.

எங்க ஊடு அம்பத்தூர் பக்கத்துல பாடில. இப்ப ஃபேக்டரி நிக்கிற எடத்துல முன்ன நெல்லு வெளஞ்சிச்சி. நைனாவும் அம்மாவும் அங்கதான் கூலிக்கு வேல செஞ்சாங்க. நைனாவுக்கு ஏர் ஓட்டப் புடிக்கும், வரப்புல அண்ட வெட்டப் புடிக்கும். புடிக்காதது ஒண்ணே ஒண்ணு, கம்போஸ்ட்டு. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்லருந்து ஒரு ஆபீசரு வந்து நெலத்துக்காரர் கிட்ட சொல்லிட்டுப் போனாராம். குழி வெட்டி, சாணி, தழ, குப்ப, சாம்பலு அல்லாத்தையும் அதுல போட்டுக் கலந்து மூடி வச்சா நல்ல எருவு, அதுக்குப் பேரு கம்போஸ்ட்டுன்னு. பேர வச்சிட்டு ஆபீசரு ஜீப்புல பூட்டாரு. குழில எறங்குனது நைனா. மக்குனத கூட கூடயா தலமேல தூக்கினு போயி வயல்ல கொட்டுனதும் நைனா. கூடலருந்து ஒழுவி, கழுத்து வழியா முதுவுல எறங்குமாம். கல்யாணம் ஆன புதுசுல அம்மா முந்தானயால மூக்கப் பொத்திகினுதான் சோறு போடுமாம். அத நைனா கடைசி வரைக்கும் மறக்கல. அம்மா கடைசி வரைக்கும் ஒத்துக்கல.

அப்பால நெலத்த வித்துட்டாங்க, ஃபேக்டரி வந்துச்சி. நாத்து நட்ட எடத்துலயே நைனாவுக்கு லோடு ஏத்தி எறக்குற வேல கெட்ச்சிது. நல்ல வேலதான். ஆனா ஷிப்ட் மாறி மாறி வரும். ஒரு வாரம் காலைல, ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் நைட்டு. நைட் ஷிப்ட் வாரம் வந்தா நைனா பகல்ல கண்ண மூடிகினு படுத்திருப்பாரு, தூங்க மாட்டாரு. தெருவுல கொழா அடிக்கிற சத்தம், ரேடியோ சத்தம், எங்க சத்தம், அல்லாத்தையும் கேட்டுகினே இருப்பாரு.

ஃபேக்டரில நாலாவதா ஒரு ஷிப்ட் இருந்துச்சி. அதான் ஜெனரல் ஷிப்ட். காலைல எட்டு மணிக்கு சங்கு ஊதுனா உள்ள போவணும், சாயங்காலம் அஞ்சி மணிக்கு மூஞ்சி கழுவிகினு ஊட்டுக்கு வந்துடலாம். வருசம் பூரா அதேதான். கிளார்க்குங்க, சூப்பர்வைசருங்க, வெள்ளச் சட்டக்காரங்க அல்லாரும் ஜெனரல். நைனா வருசா வருசம் ஜெனரல் கேட்டு எழுதிக் குடுப்பாரு. (எழுதுறது நான். அதனாலதான் கெடைக்கலியோன்னு எனக்கு ரொம்ப நாளு ஒரு உறுத்தல்.)

நான் அஞ்சாவதோட நின்னவ. வசந்தாவுக்கு அப்போ நாலு வயசு. ஒரு எடத்துல நிக்காது, ஏரிக்கரைக்கு ஓடும். அம்மாவும் நைனாவும் வேலைக்குப் போவ, அதப் புடிச்சி வைக்க ஒரு ஆளு வேணும். நான் ஆளானேன். ஆனாலும் எங்க தெருவுல படிச்ச பொண்ணுன்னா நான்தான். ஆருக்கு லெட்டர் வந்தாலும் எங்கிட்டதான் வருவாங்க. புரியாத எடம் வந்தா நிறுத்த மாட்டேன், நானே ஒண்ணு சேத்துப் படிச்சிடுவேன். ஒரு வாட்டி பக்கத்தூட்டு அத்தைக்கு வந்த லெட்டர்ல நாலு வரி புரியல. "எல்லாரும் சௌக்கியம்"னு படிச்சிட்டேன். அவங்க தம்பி ஆஸ்பத்திரில கீறாருன்ற சமாச்சாரம்தான் அந்த நாலு வரி. நல்ல வேளயா அவுரு சௌக்கியமாவே திரும்பி வந்தாரு, நான் தப்பிச்சேன். இப்பிடி ஒரு ஆளுதான் எங்க ஊட்டுக்கு வக்கீலு.

இந்தக் கத நடந்தப்போ வசந்தா எட்டாவது. கணக்குன்னா அதுக்கு சோறு தண்ணி வேணாம். கரித்துண்டால செவுரு பூரா கணக்கு போட்டு வச்சிருக்கும். பொங்கலுக்கு அம்மா சுண்ணாம்பு அடிச்சா, "இன்னும் முடியலம்மா"ன்னு அழுவும். ஒரு நாளு சாயங்காலம் ஸ்கூல்லருந்து ஒரு பாரம் எடுத்துகினு வந்துச்சி. ஒம்பதாவதுலருந்து பதினொண்ணாவது வரைக்கும் (அப்போ பதினொண்ணாவதுதான் கடைசி, எஸ்.எஸ்.எல்.சி. இப்ப பன்னெண்டுன்னு ஆக்கப் போறாங்களாமே) எந்தக் கணக்கு படிக்கப் போறோம்னு இப்பவே எழுதித் தரணும். பாரத்துல ரெண்டு பேரு போட்டிருந்துச்சி. வேணாதத அடிச்சிட்டு அப்பா கையெழுத்து போடணும். அவ்ளோதான். கீழ விருப்பப் பாடம்னு ஒரு வரி வேற. அத நானும் நைனாவும் பாக்கக் கூட இல்ல.

"நைனா, டீச்சரு கம்போசிட்டு எடுக்கச் சொன்னாங்க"ன்னுச்சி வசந்தா.

சோத்துல கை வச்ச நைனா கையத் தூக்கிட்டாரு.

"இன்னாது?"

"கம்போசிட்டு மேத்ஸ்."

"கம்போஸ்ட்டா? பொட்டப் புள்ளைங்களுக்கு ஸ்கூல்ல அதயா சொல்லித் தராங்க?"

"அது இல்ல நைனா. இது கணக்கு."

"அதுவும் கணக்குதாம்மே. எத்தினி கூட சாணிக்கு எத்தினி கூட தழன்னு அந்த ஆபீசரு கணக்குதான் சொன்னான்."

வசந்தா என்னப் பாத்துச்சி. நைனாவும் என்னப் பாத்தாரு. நான் பாரத்த வாங்கி, வெளிச்சத்துல காட்டி, தொண்டயக் கனச்சிகினேன். 'காம்போஸிட்'னு போட்டிருந்துச்சி. எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டு, "கம்போஸ்ட்டுதான் நைனா. எழுதுனவங்க தப்பா எழுதிட்டாங்க"ன்னேன். (அஞ்சாவது படிச்சவ, ஹைஸ்கூலுக்கே தப்புத் திருத்துனேன்.)

"இன்னொண்ணு இன்னா?"ன்னாரு நைனா.

இன்னொண்ணு ஜெனரல். அந்த வார்த்தயப் பாத்ததும் எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சி. எனக்குத் தெரிஞ்ச வார்த்த, என் பதினொண்ணுல ஒண்ணு, அரசாங்கப் பாரத்துல. அப்பறம் நான் சும்மா இருப்பனா? ஜெனரல் கணக்கு படிச்சாதான் ஜெனரல் ஷிப்ட் வேல, வேற இன்னாத்துக்கு அந்தப் பேர வைப்பாங்க, அந்த கிளார்க்குங்க சூப்பர்வைசருங்கல்லாம் எதப் படிச்சிட்டு வந்தாங்கன்னு நெனச்சிகினு கீற, இதான் சூட்சுமம், இத்தினி நாளா நமக்குத் தெரியாம வச்சிருந்தாங்கன்னு ஒரே மூச்சுல சொன்னேன். நைனா வாயப் பொளந்துகினு கேட்டாரு.

"அக்கா, ஜெனரல்ல அல்ஜீப்ரா வராதுக்கா. ஜியாமெட்ரி வராது"ன்னுச்சி வசந்தா.

"வராட்டி போவட்டும். சொம கொறயும்."

வசந்தா எழுந்து போயி செவுத்தாண்ட, அது கணக்குங்களுக்குப் பக்கத்துல, திரும்பி குந்திகிச்சி. முதுவு குலுங்குனத நான் பாத்தேன். பாத்துட்டும்தான் பாரத்துல அடிச்சேன். ஏன்னு கேட்டா, நைனா என்னையே பாத்துகினு இருந்தாரு. அப்பிடி அவுரு என்னப் பாத்ததே இல்ல. அந்தப் பார்வைய வுட எனக்கு மனசு வரல. கம்பெனில ரிஜெக்ட் போடுறதுக்குன்னு குடுத்த செவப்புப் பேனா எங்கிட்ட இருந்துச்சி. ஸ்கேலு வச்சி, காம்போஸிட் மேல ரெண்டு கோடு, நேரா, அழகா போட்டேன். சம்பள நாளுக்குன்னு கத்துகின கையெழுத்த நைனா அதுக்குக் கீழ போட்டாரு. போட்டுட்டு, ஆறிப்போன சோத்த நிம்மதியா சாப்ட்டாரு.

நாலு நாளு கழிச்சி அப்பா அம்மாவ இட்டுகினு வரச் சொல்லி ஸ்கூலு எச்செம்மு அம்மா, பெரிய டீச்சரு, சொல்லி அனுப்புனாங்க. நைனா அத பாராட்டுன்னு எடுத்துகினாரு. சரியானத எடுத்ததுக்குக் கூப்புட்டு சொல்லப் போறாங்கன்னு. ஃபேக்டரில கூட வேல செய்றவங்க கிட்டல்லாம் "எம் பொண்ணுக்கு ஜெனரல் போட்டுட்டேன்"னு சொல்லிட்டு, அரநாளு லீவு போட்டு, பொட்டிலருந்து வெள்ளச் சட்டய எடுத்துப் போட்டுகினாரு. அம்மா பூ வச்சிகிச்சி. ஸ்கூலு அம்பத்தூர்ல. பாடில பஸ் ஏறி, நைனா, அம்மா, நானு, மூணு பேரும் போனோம். நான் எதுக்குன்னா, இங்கிலீசு பேச.

அன்னிக்கித்தான் பாரம் குடுக்கக் கடைசி நாளாம். வராண்டாவுல பத்துப் பதினஞ்சி பேரு பாரத்த வச்சிகினு முழிச்சிகினு இருந்தாங்க. எங்களுக்குப் பக்கத்துல ஒரு அம்மா. ஆவடி குவார்ட்டர்ஸ்லருந்து வந்திருக்காங்க, சொந்த ஊரு திருநெல்வேலிப் பக்கம். "இதுல எத அடிக்கணும்னு தெரியலயே. எங்க வீட்ல டூட்டிக்குப் போயிட்டாக"ன்னாங்க. பொதுவாத்தான் சொன்னாங்க. என்னக் கேக்கல. ஆனா நான் பதில் சொன்னேன்.

சொல்லச் சொல்ல அந்தம்மா தலயாட்டுனாங்க. "ஆமாமா. எங்க ஆவடியில ஜெனரல் வாராகன்னா ரோட்டோரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பாக"ன்னாங்க. அது எனக்குத் தோணவே இல்ல. மிலிட்டரிலயும் ஜெனரல்தான் பெருசு, ஃபேக்டரிலயும் ஜெனரல்தான் பெருசு, அப்ப ஸ்கூல்ல மட்டும் எப்பிடி மாறும்? கூட்டம் சேந்துடுச்சி. லேத்து பட்டறக்காரரு ஒருத்தரு, பால்காரரு ஒருத்தரு, மார்க்கெட்டுல கீர விக்கிற அக்கா, இன்னும் ரெண்டு பேரு. செவப்புப் பேனா கை மாறி கை மாறிப் போச்சி. நைனா பக்கத்துல நின்னுகினு, "எம் பெரிய பொண்ணு. கம்பெனில கீது"ன்னு ஒவ்வொருத்தர் கிட்டயும் சொன்னாரு. நான் இன்னும் ஒரு சுத்து பெருத்தேன்.

பால்காரரு, "அது சரிம்மா, பதினொண்ணாவது பாஸ் பண்ண எத்தினி மார்க்கு வேணும்?"னு கேட்டாரு.

"முப்பத்தஞ்சி." இது எனக்கு உண்மையாவே தெரியும்.

"ஒவ்வொரு பாடத்துலயுமா, அல்லாம் சேத்தா?"

இது எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். ஆனா பத்து பேரு மூஞ்சியும் என்னையே பாத்துகினு இருக்கு, எந்தப் பதிலுக்கு அந்த மூஞ்சிங்க சந்தோசப்படும்னு பாத்தேன். "அல்லாம் சேத்து"ன்னேன்.

வராண்டாவே மூச்சு வுட்டுச்சி. "அப்ப எம் பொண்ணு இப்பவே பாஸ்"னாரு பால்காரரு.

அதுக்குள்ள பியூன் வந்து அல்லாரு பாரத்தையும் வாங்கிகினு உள்ள போனாரு. அப்பால எங்களக் கூப்புட்டாங்க.

எச்செம்மு அம்மா ஒல்லியா, கண்ணாடி போட்டுகினு, சிரிக்காத மூஞ்சியோட இருந்தாங்க. பக்கத்துல கணக்கு டீச்சரு, சின்ன வயசு. குந்தச் சொல்லியும் நைனா குந்தல. எங்க பாரத்த மேசமேல வச்சி எச்செம்மு அம்மா கேட்டாங்க.

"கோவிந்தன், உங்க பொண்ணு கணக்குல இந்த ஸ்கூல்லயே முதல். நீங்க ஏன் காம்போஸிட்ட அடிச்சிட்டீங்க?"

நைனா சட்டய இழுத்து வுட்டுகினாரு. அவுரு ரெடியா வந்திருக்காருன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சிச்சி.

"அம்மா, நீங்க தப்பா நெனக்கக் கூடாது. நான் பன்னெண்டு வருசம் அத தலமேல தூக்கினவன். அதப் படிச்சா வெளச்சல் நல்லா வரும், நான் இல்லேங்கல. ஆனா எம் பொண்ணு அதுல எறங்க வேணாம்மா. அது மேல அந்த நாத்தம் வேணாம்."

எச்செம்மு அம்மா டீச்சரப் பாத்தாங்க. டீச்சரு எச்செம்மு அம்மாவப் பாத்தாங்க.

"எதத் தூக்கினீங்க?"

"எருவும்மா. கம்போஸ்ட்டு."

கணக்கு டீச்சரு சட்டுனு திரும்பி வெளிய பூட்டாங்க. வெளிலருந்து சத்தம் கேட்டுச்சி. எச்செம்மு அம்மா சிரிக்கல. கண்ணாடியக் கழட்டி, முந்தானயால ரொம்ப நேரம் தொடச்சாங்க. இன்னாத்தத் தொடச்சாங்கன்னு தெரியல, அதுல அழுக்கே இல்ல.

"அது கம்போஸ்ட் இல்ல கோவிந்தன். காம்போஸிட். கலந்ததுன்னு அர்த்தம். கணக்கு, அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி எல்லாம் கலந்து வரும்."

"இதுவும் கலந்துதானம்மா. சாணி, தழ, சாம்பலு."

எச்செம்மு அம்மா கொஞ்சம் யோசிச்சிட்டு, ஆமா, ஒரு வகையில ரெண்டும் ஒண்ணுதான்னு ஒத்துகினாங்க. அப்பால கொயந்தைக்கு சொல்றாப்புல சொன்னாங்க. ஜெனரல்னா கடத்தெருவுக்கு வேண்டிய கணக்கு, அவ்ளோதான். அதப் படிச்சா பதினொண்ணாவது முடிக்கலாம், ஆனா காலேஜ்ல சயின்சு, பாலிடெக்னிக்கு, அந்தக் கதவெல்லாம் சாத்திகும். காம்போஸிட்டு கஷ்டம், ஆனா கதவு தெறந்திருக்கும். எது படிச்சாலும் ஒவ்வொரு பாடத்துலயும் தனித்தனியா முப்பத்தஞ்சி எடுத்தாத்தான் பாஸ். இந்த எடத்துல நான் வராண்டாவ எட்டிப் பாத்தேன். வெளிய பால்காரரு சந்தோசமா குந்திகினு இருந்தாரு.

நைனா அல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப ஜெனரலுன்னா இன்னாம்மா அர்த்தம்?"னாரு.

"பொதுன்னு அர்த்தம். எல்லாருக்கும் பொதுவானது."

"ஜெனரல் ஷிப்ட்டுன்னாலும் அதானாம்மா?"

எச்செம்மு அம்மா கண்ணாடிய மறுபடி மாட்டிகினு பாரத்தப் பாத்தாங்க.

அதுவரைக்கும் வாயத் தெறக்காத அம்மா, மேசயாண்ட வந்து, பாரத்துல கைய வச்சி, "கீழ விருப்பப் பாடம்னு போட்டுகீதாமே, சின்னது சொல்லிச்சி. ஆரு விருப்பம்மா அது?"ன்னு கேட்டுச்சி.

அத கேக்க எங்க ஊட்ல கையெழுத்து கூடப் போடத் தெரியாத ஒரே ஆளுதான் வேண்டியிருந்துச்சி. எச்செம்மு அம்மா, "பொண்ணோட விருப்பம்தான்"னு சொல்லி, வசந்தாவக் கூப்புட்டு அனுப்புனாங்க. வசந்தா வந்து நின்னுச்சி. எது வேணும்னு கேட்டாங்க. அது தலயத் தூக்காம, "காம்போஸிட்டு"ன்னுச்சி. ஒரே வார்த்த. நான் அத்தினி பேசுன எடத்துல.

எச்செம்மு அம்மா ஒடனே சரின்னு சொல்லிடல. "காம்போஸிட் எடுத்தா மூணு வருஷம் முழுசாப் படிக்கணும். இப்படி எடம் குடுத்துக் குடுத்து நான் ஏமாந்திருக்கேன் கோவிந்தன். வயசுக்கு வந்துட்டா, மாப்பிள வந்துட்டான்னு பாதியில வந்து நிப்பீங்க. நிறுத்த மாட்டீங்கன்னு எனக்கு என்ன நிச்சயம்?"

நைனா கைய நீட்டி என்னக் காட்டுனாரு.

"ஒரு பொண்ண அஞ்சாவதுல நிறுத்துனேன்மா. அந்த வெளச்சலத்தான் தோ இட்டுகினு வந்துகீறேன். இன்னொண்ண நிறுத்துவனா?"

திரும்பி வந்து வாசல்ல நின்னுகினு இருந்த கணக்கு டீச்சரு மறுபடி வெளிய ஓடுனாங்க. எச்செம்மு அம்மா சிரிச்சாங்க. அம்மா சிரிச்சிச்சி. வசந்தா கூட சிரிச்சிச்சி. எனக்கு அந்த எடத்துல ஒரு குழி இருந்தா எறங்கியிருப்பேன், கம்போஸ்ட்டு குழியா இருந்தாலும் சரி. ஆனா நைனா சிரிக்கல. என்னப் பாக்கவும் இல்ல. செவுத்துல மாட்டியிருந்த மேப்பயே பாத்துகினு நின்னாரு. என்ன நிறுத்துனதப் பத்தி அவுரு வாய் தெறந்தது அந்த ஒரு வாட்டிதான்.

புது பாரம் குடுத்தாங்க. நான் பழக்கத்துல பேனாவ எடுத்தேன். நைனா அத என் கைலருந்து வாங்கி வசந்தா கிட்ட குடுத்தாரு.

அத்தோட வுட்டிருந்தா பரவால்ல. பியூன் கொண்டுவந்த பாரக் கட்ட எச்செம்மு அம்மா பொரட்டிகினே வந்தாங்க. பொரட்டப் பொரட்ட மூஞ்சி மாறிச்சி. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எடுத்து தனியா வச்சாங்க. ஆறு பாரம். ஆறுலயும் காம்போஸிட்டு மேல ரெண்டு ரெண்டு கோடு. ஆறும் செவப்பு.

"இது யாரு வேல?"

நாலு பேரும் வசந்தா கைல இருந்த என் பேனாவப் பாத்தாங்க.

ஆறு பாரத்தையும் எங்கையில குடுத்து, நீயே போயி சொல்லிட்டு வான்னு அனுப்புனாங்க. இன்டர்வியூ இல்ல, கல்யாணம் இல்ல, என் வாழ்க்கைலயே அல்லாரும் என்னப் பாத்துகினு நின்ன ஒரே மேட அந்த வராண்டாதான். ஜெனரல்தான் சின்னது, காம்போஸிட்டுதான் பெருசு, நான் சொன்னது தலகீழுன்னு சொன்னேன். பட்டறக்காரரு என்னய ஏற எறங்கப் பாத்துட்டு பாரத்த வாங்கிகினாரு. கீர அக்கா, "போவட்டும் வுடு, நானும் மொளக்கீரன்னு நெனச்சி சிறுகீரய வித்திருக்கேன்"ன்னுச்சி. பால்காரரு கிட்ட முப்பத்தஞ்சி சமாச்சாரத்தச் சொன்னதும் அவுரு மெதுவா, "அப்ப அது பாஸ் இல்லியா?"ன்னாரு. அவுரு மூஞ்சிய இன்னிக்கும் மறக்க முடியல. பத்து நிமிசம் அந்தப் பொண்ணு எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சி இருந்துச்சி.

ஆவடி அம்மா மட்டும் மாத்த மாட்டேன்னுட்டாங்க. "நல்லா இருக்கே கத. உள்ள போயி உங்க பிள்ளைக்கு எடம் புடிச்சிட்டு, இப்ப எங்களுக்கு ஜெனரல் வேண்டாம்பீகளோ?"ன்னு பாரத்த இறுக்கிப் புடிச்சிகினாங்க. எச்செம்மு அம்மாவே வந்து சொல்லியும் கேக்கல. அந்தப் பொண்ணு ஜெனரல்தான் படிச்சிச்சி. இப்போ டெலிபோன் ஆபீசுல வேலயாம். போன வருசம் பஸ்ல பாத்து, எந்த ஷிப்ட்டுன்னு கேட்டேன். ஜெனரல் ஷிப்ட்டுக்கான்னுச்சி. இத நான் எங்க ஊட்ல பெருமையா போயி சொன்னா, நைனா துண்ட வாய்ல வச்சிகினு இருமுற வரைக்கும் சிரிச்சாரு.

அன்னிக்கி பஸ்ல திரும்பும்போது நான் ஜன்னலப் பாத்துகினு வந்தேன். திட்டுனா கூட தேவலன்னு இருந்துச்சி. பாடில பஸ் நின்னுச்சி. நைனா எழுந்து, எனக்கு வழி வுட்டு ஒதுங்கி நின்னு, வெறப்பா, "ஜெனரலு, எறங்கு"ன்னாரு.

அன்னிலருந்து எங்க ஊட்ல என் பேரு ஜெனரலு. வசந்தா பேரு எருவு. "ஜெனரலு, சோறு போடு. எருவு வந்துச்சா பாரு"ன்னுதான் நைனா ஊட்டுக்குள்ள வருவாரு. தெருவுல கொயந்தைங்க எனக்கு சல்யூட் அடிக்கும். வசந்தா மூணு வருசமும் படிச்சி, முடிச்சி, பாலிடெக்னிக்குல சேந்து இப்போ கடைசி வருசம். மாப்ள ஒண்ணு வரத்தான் வந்துச்சி. நைனா அவுங்க கிட்ட, "எச்செம்மு அம்மாவக் கேட்டுகினு வாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. ஜெனரல் ஷிப்ட்டு கேட்டு எழுதுறதையும் கடைசி ரெண்டு வருசமா வசந்தாதான் எழுதுச்சி. அப்பவும் கெடைக்கல. (தப்பு என் கையெழுத்து மேல இல்லன்னு அப்பதான் எனக்கு ஆறுதலு.)

நாலு மாசத்துக்கு முன்ன நைனாவுக்கு மூச்சு வுட முடியாமப் போச்சி. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போனோம். நர்சம்மா சீட்டப் பாத்துட்டு, "ஜெனரல் வார்டு"ன்னு சொல்லிச்சி. தள்ளுவண்டில படுத்துகினு இருந்த நைனா கண்ணத் தெறந்தாரு.

"இன்னா வார்டு?"

"ஜெனரல் வார்டு தாத்தா."

நைனா என்னத் தேடிப் பாத்தாரு. மூச்சு எறச்சிகினே, "கெட்ச்சிடுச்சி பாத்தியா"ன்னாரு.

நர்சம்மாவுக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துக் கட்டிலுகாரரு இன்னா விசயம்னு கேட்டாரு. நைனாவே சொல்ல ஆரம்பிச்சாரு. மூச்சு வாங்குற எடத்துல நான் சொன்னேன், நான் மறைக்கப் பாத்த எடத்துல அம்மா சொல்லிச்சி. ஆவடி அம்மா வர்ற எடத்துல வார்டே சிரிச்சிச்சி. நாலு நாளு, புதுசா ஆரு வந்தாலும் நைனா என்னக் காட்டி, "ஜெனரலு, அதச் சொல்லு"ன்னு கண்ணாலயே கேப்பாரு. அஞ்சாவது நாளு காலைல கேக்கல. நான் அவுரு கையப் புடிச்சிகினு இருந்தேன். அம்மா கால புடிச்சிகினு இருந்துச்சி. டாக்டரு வந்து பாத்துட்டு, செவுத்துக் கடியாரத்தப் பாத்து மணிய எழுதுனாரு. எட்டு.

ஆரும் அழுவுறதுக்கு முன்ன, வசந்தா கடியாரத்தப் பாத்துகினே, மெதுவா, "சங்கு ஊதுற நேரம்க்கா"ன்னுச்சி.

இப்பவும் பாடில தெனமும் எட்டு மணிக்கு சங்கு ஊதுது. நான் வேலைக்குக் கெளம்பிகினு இருப்பேன், எருவு புக்கு அடுக்கிகினு இருக்கும். ஊதி முடிச்சதும் ஆராவது ஒருத்தரு, "தோ, நைனா உள்ள பூட்டாரு"ன்னு சொல்லுவோம். அம்மா அடுப்பாண்டயே இருந்து, திரும்பாம, "போவட்டும். இனிமே நைட்டு கெடையாது"ன்னும்.